பாவுத் தெருவின் கல் வரிசை

கல்யாணமாகி ஆரணிக்கு வந்த மறுநாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். தெளிக்க இடமே இல்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு நூல். இடுப்பு உயரத்தில், அரக்குச் சிவப்பில், ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றையொன்று தொடாமல் விறைப்பாக நீண்டு கிடந்தன. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாகக் குனிந்து நின்று அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு சர்க்கார் ஜீப் நின்றிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நூல் காயட்டும் என்று பேசாமல் காத்திருந்தார்.

நான் படவேட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டாலே எருமையை ஓரத்துக்கு ஓட்டிவிட்டு, தோளில் கிடக்கிற துண்டையும் எடுத்துவிடுவார்கள். இங்கே ஜீப் நிற்கிறது, யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம், "ஏங்க, இது யாரு போட்ட சட்டம்?" என்று கேட்டேன்.

அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "சட்டமா? பாவு காயற வரைக்கும் யாரும் போவ மாட்டாங்க. அவ்ளோதான்" என்றார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் தாடை வலிக்கும். மிச்சத்தை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவள். குடிமையியல் புத்தகத்தில் 'அரசு ஏன் தோன்றியது?' என்று ஒரு கேள்வி வரும். மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க, சண்டை சச்சரவைத் தீர்க்க, பொதுக் காரியங்களைச் செய்ய என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். முழு மார்க் வாங்கினேன். ஒரு எழுத்தும் உறைக்கவில்லை. அரசு என்றால் எங்கோ மெட்ராஸில், டெல்லியில் இருப்பது, நமக்கு மேலே இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது தெருவில், கால் மாட்டில் கிடக்கும் கல்லிலிருந்து முளைக்கும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

பாவு என்றால் சேலையின் நீளவாக்கு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்ததை முடிந்து, காயவைத்துச் சுருட்ட வேண்டும். அவ்வளவு நீள வீடு யாரிடம் இருக்கிறது? அதனால் தெருவில்தான். வெயில் ஏறினால் பட்டு முறுக்கிக்கொள்ளும், அதனால் விடியற்காலையில்தான். ஒரு காலைக்கு ஒரே ஒரு பாவுதான் நீட்ட முடியும். தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அப்படியானால் நாளைக் காலை யாருக்கு?

அதற்குத்தான் கல். தெருவின் கிழக்குக் கோடியில் பாவு கட்டுகிற கல்தூண் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் சுவரோரமாக ஒரு கல் வரிசை. வீட்டுக்கு ஒரு கல். உடைந்த அம்மிக்குழவி ஒரு வீட்டுக்கு, ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் ஒரு வீட்டுக்கு, தட்டையான கடப்பைத் துண்டு இன்னொரு வீட்டுக்கு. பாவு தயாரானால் உன் கல்லைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைக்க வேண்டும். உன் காலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உன் முறையன்று மழை பெய்தால் முறை உன்னிடமே இருக்கும். காவல் கிடையாது, எழுத்து கிடையாது. குடித்துவிட்டு வருகிறவன்கூட அந்த இடத்தில் மட்டும் காலைத் தூக்கி வைத்துப் போவான். பத்து வீட்டுச் சோறு தின்று வளர்ந்த தெரு நாய்களுக்கும் அந்த மரியாதை தெரிந்திருந்தது என்றுதான் சொல்வேன்.

தெருவிலேயே பெரிய வீடு பட்டு முதலாளியினுடையது. பாதித் தெரு அவருக்குக் கூலிக்கு நெய்தது. அவர் பட்டும் ஜரிகையும் கொடுப்பார், சேலையாக நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரரும் அவருக்குத்தான் நெய்தார். அந்த முதலாளி வீட்டிலும் தறி ஓடியது. அவர் கல் ஒரு சாதாரணக் கருங்கல். அதுவும் வரிசையில் எல்லாக் கல்லோடும்தான் நிற்கும். அவர் பாவுக்கு அவசரம் என்றாலும் அவர் கல் முன்னால் தாவி நான் பார்த்ததில்லை. கூலியில் கறாராகப் பேசுகிற அந்த மனிதர், காலையில் தூணுக்குப் பக்கத்தில் நின்று தன் கல்லுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தாங்காது.

இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. என் வீட்டுக்காரர் மடியில் கிடக்கிற பட்டு, மைசூர்ப் பக்கம் யாரோ ஒரு பெண் முசுக்கொட்டை இலை பறித்துப் போட்டு வளர்த்த புழுவிலிருந்து வந்தது. ஜரிகை சூரத்திலிருந்து ரயிலேறி வந்தது. சாயம் போடுகிறவர் அடுத்த தெரு. தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சு கட்டுகிறவர் அதற்கும் அடுத்த தெரு. சேலையைக் கட்டப்போகிறவள் எந்த ஊரோ, அவள் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. இத்தனை பேரையும் உட்கார வைத்து நீ இதைச் செய், நீ அதைச் செய் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அவரவர் தன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்றுதான் வேலை செய்கிறார்கள். ஆனாலும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மணப்பெண்ணுக்குச் சேலை போய்ச் சேர்ந்துவிடுகிறது. குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே இதை யோசிப்பேன். யோசிக்க யோசிக்கக் கை நின்றுவிடும். "இன்னா, தூங்கிட்டியா?" என்று தறியிலிருந்து குரல் வரும்.

அந்த யோசனைதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. யாரையும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்றால் நாம் ஏன் இறங்கக் கூடாது? என் கம்மலையும் வளையலையும் விற்று நாமே பட்டு வாங்குவோம், நாமே நெய்து நாமே விற்போம் என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் ஒரு வாரம் பதில் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "சரி" என்றார். அது அவருக்குப் பெரிய பிரசங்கம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "பண்ணுப்பா. நானும் ஒரு தறிய வெச்சிகினுதான் ஆரம்பிச்சேன்" என்றார். வாசல் வரைக்கும் வந்தவர், "ஆனா திரும்பி வந்தா பழைய கூலி கெடைக்காது, புதுசா பேசணும்" என்றும் சொன்னார். வீடு வந்து சேருகிற வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் எங்கள் தூரத்து உறவு வழியாக ஒரு கல்யாண வீடு கிடைத்தது. கார்த்திகையில் முகூர்த்தம். கூறைச் சேலையோடு சேர்த்து மூன்று சேலை. ஒரு பாவில் மூன்றும் வந்துவிடும். நாள் தவறினால் கடையில் எடுத்துக்கொள்வோம் என்று பெண்ணின் அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு பாவில் இருந்தது. அது நேரத்துக்குத் தறி ஏறாவிட்டால் முதலாளி வீட்டு வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் புதுக் கூலியை அவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

பாவு தயாரானது ஐப்பசியில். வானம் தினமும் மிரட்டியது. என் வீட்டுக்காரர் எங்கள் கல்லை, ஒரு மூலை உடைந்த ஆட்டுக்கல் துண்டு அது, கொண்டுபோய் வைத்தபோது முதலாளியின் கருங்கல் அப்போதுதான் வரிசைக்கு வந்திருந்தது. அதற்கு அடுத்தது எங்களுடையது. எங்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வைத்தார்கள். முன்னால் இருந்தவர்களெல்லாம் நல்ல காலைகளாகப் பார்த்து ஒவ்வொருவராக முடித்துவிட்டார்கள். நடுவில் மழை வந்து சில நாள் தள்ளிப்போட்டது.

அந்தச் சமயத்தில்தான் தெருவுக்குச் சர்க்கார் குழாய் வந்தது. அதுவரைக்கும் எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர், கோடையில் அதுவும் சேறு. வீட்டுப் பக்கமே தண்ணீர் வரும் என்றதும் தெருவே காண்ட்ராக்டர் ஆட்களுக்கு மோர் கொடுத்துக் கொண்டாடியது. அவர்கள் தெருவோரமாகப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டிய மண் கல்தூண் பக்கம் குவிந்து, கல் வரிசையின் தலைப்பக்கம் மண்ணுக்குள் போனது. மண்ணை அள்ளினால் கல் அப்படியே இருக்கப்போகிறது என்று யாரும் கவலைப்படவில்லை.

மறுநாள் மத்தியானம் குழாய் மேடை எழும்பிவிட்டது. அழகான மேடை, சுற்றிலும் சிமெண்டு பூசியிருந்தார்கள். மண்ணை அள்ளிய இடம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கல் ஒன்றுகூட இல்லை.

"மேடைக்கு அடியில போட கல்லு பத்தல. அங்க சும்மா கெடந்துதுன்னு எடுத்துப் போட்டோம்மா" என்றான் கொத்தனார். பாவம், அவன் வெளியூர்க்காரன். சுவரோரம் கிடக்கிற பத்துப் பன்னிரண்டு கல் ஒரு தெருவின் அரசாங்கம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கோபப்படக்கூட முடியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. நாளைக் காலை வெயில் நிச்சயம். அதற்கப்புறம் அடைமழை என்று ரேடியோவிலும் சொன்னார்கள். நாளைக் காலை யாருக்கு என்று கேள்வி வந்தது. அந்தக் கேள்வி எழுந்த மாத்திரத்தில் எங்கள் தெரு மாறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் தம்பியாகப் பழகினவர்கள் தூணைச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். "என் கல்லுதான் ரெண்டாவது!" "போய்யா, நீ வெச்சதே முந்தாநேத்து!" ஒருத்தர் பாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், இப்போதே கட்டிவிடுவேன் என்று. இத்தனை வருஷம் சண்டையே இல்லாத தெரு, கொஞ்சம் கல் காணாமல் போனதும் இப்படி ஆகுமா?

இரண்டு பேர் முனிசிபாலிட்டி ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் விசாரித்தாராம். "குழாய்க்கு நான் பொறுப்பு. தெருவுக்கும் நான் பொறுப்பு. ஆனா உங்க கல்லு எந்த வரிசையில இருந்துதுன்னு எனக்கு எப்டிங்க தெரியும்? அது உங்களுக்குத்தான தெரியும்?" என்றாராம். அவர் சொன்னது நியாயம்தான். திரும்பி வந்தவர்கள் இதைச் சொன்னதும் கூச்சல் இன்னும் கூடியது.

கோடி வீட்டில் ஒரு பெண்மணி உண்டு. அவர் வாய்க்குத் தெருவே பயப்படும். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது, ஏனென்றால் என் வாயும் லேசுப்பட்டதல்ல. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைமேல் ஏறி நின்றார்.

"த்தூ! ஆளாளுக்கு நான் நான்னு கத்திகினு கீறீங்களே! ஒருத்தனும் அவன் கல்லப் பத்திப் பேசக் கூடாது! உனக்கு முன்னாடி யாரு கல்லு இருந்துது, அத மட்டும் சொல்லு!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கூச்சல் அப்படியே அடங்கியது. எல்லாரும் யோசித்தார்கள். தனக்கு முன்னால் இருக்கிற கல்லைத்தான் ஒவ்வொருவரும் தினமும் பார்க்கிறோம். அது எப்போது எடுபடும் என்றுதானே காத்திருக்கிறோம்? தன் இடத்தைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு வரும். இன்னொருத்தன் இடத்தைக் கேட்டால், அதுவும் அவன் எதிரில் நிற்கும்போது, நாக்கு தயங்குகிறது. கடைசியில் வைத்தவர் முதலில் சொன்னார். அவர் சொன்னவர் அடுத்ததைச் சொன்னார். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கல் எழும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. மேடைக்கு அடியில் சிமெண்டுக்குள் கிடந்த வரிசை எங்கள் கண் முன்னால் திரும்ப நின்றது. அந்த இடத்தில் நான் கும்பிடப்போய்விட்டேன். புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த அரசு என்கிற விஷயம் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. யாரோ ஒரு வாயாடிப் பொம்பளை கடுப்பில் கத்தியிருப்பாள்.

எங்களுக்குப் பின்னால் வைத்தவர் எங்களைக் கைகாட்டினார். கோடி வீட்டு அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்களுக்கு முன்னாடி யாருங்க?" என்றார்.

"அவங்கதான் மொதல்ல, அவங்களுக்கு முன்னாடி யாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். முதலாளி முந்தின நாள் விடியற்காலையிலேயே பட்டு எடுக்கப் பெங்களூர் போய்விட்டிருந்தார். அவர் கணக்குப்பிள்ளை ஒரு ஓரமாக நின்றிருந்தார், அவருக்கு இந்தக் கல் விவகாரமெல்லாம் தெரியாது. அந்தக் கருங்கல்லை நினைவு வைத்திருந்தது அங்கே இரண்டே பேர், என் வீட்டுக்காரரும் நானும். 'யாரும் இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். பொய்கூட வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றாலே போதும். வாழ்க்கை முழுக்கச் சும்மா நின்ற மனுஷன்தானே?

"முதலாளி கல்லு" என்றார் அவர்.

அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "முதலாளி ஊர்ல இல்லாதப்போ வந்த முறைய விட்டா என்னத்தான் திட்டுவாரு. பாவு வீட்லதான் தயாரா கீது. காலையில நீட்டிடறோம்" என்று ஆட்களைக் கூப்பிடப் போனார்.

வீட்டுக்கு வந்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "அவரு கல்லு இருந்துச்சே" என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்.

மறுநாள் காலை அப்படி ஒரு வெயில். முதலாளியின் பாவு, மயில் கழுத்து நிறம், தெரு நெடுகத் தகதகவென்று நீண்டது. எங்கள் தெரு வழக்கப்படி யார் வீட்டுப் பாவானாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அறுந்த இழை முடிந்துவிட்டுத்தான் போக வேண்டும். நானும் போனேன். எனக்கு வர வேண்டிய வெயிலில் நின்றுகொண்டு, எனக்கு எதிராளி என்று நான் நினைத்த மனிதரின் பாவுக்கு முடிச்சுப் போட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு இழை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஆனால் ஒரு முடிச்சையும் நான் தளர்வாகப் போடவில்லை. கை அதற்கு ஒப்பவில்லை. பாவு போடுகிற வீட்டில் எல்லாருக்கும் காப்பி கொடுப்பார்கள். அந்தக் காப்பியை மட்டும் நான் தொடவில்லை. என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. சொன்னபடியே அடைமழை. விட்டு விட்டுக்கூட இல்லை, ஒரே மூச்சாக நாள் கணக்கில் கொட்டியது. எங்கள் பாவு சுருட்டியபடி பரண்மேல் இருந்தது. கார்த்திகை முகூர்த்தத்துக்கு இனி நாள் போதாது என்று கணக்குப் பார்க்காமலே தெரிந்தது. நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அதுதான் என் வீட்டுக்காரருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், தறிக் குழியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார்.

அப்படி ஒரு மழையில், வெளிச்சம் இருக்கும்போதே கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் முதலாளி. பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனவர், குடைகூட இல்லாமல் திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நனைந்து சொட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு கருங்கல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெருக் கல்லெல்லாம் மேடைக்கு அடியில் அல்லவா இருக்கிறது?

"ஏம்பா, உனக்கு முன்னாடி என் கல்லு இருந்துதுன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"ஆமாங்க, இருந்துச்சே" என்றார் இவர்.

"இருந்துது. ஊருக்குப் போற அன்னிக்கு விடியகாலம் நான் எடுத்துட்டேன்பா. அந்தப் பாவுக்கு ஊடை நூலு இன்னும் சாயத்துக்கே போவல. இப்ப ஏத்தி தறிய சும்மா போட்டு வெக்கறதா? மழை முடிஞ்சி வெச்சிக்கலாம்னு எடுத்து வீட்ல போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். கணக்குப்பிள்ளைகிட்ட சொல்ல மறந்துட்டேன்." கல்லை எங்கள் வாசற்படியில் வைத்தார். "இது என் வீட்ல கெடந்துது. அப்ப வரிசையில எப்டி இருக்கும்? அந்தக் காலை உன்னுது. எங்காளுங்க எடுத்துகினாங்க."

அவர் கல்லை எடுத்த அன்றுதான் மண் குவிந்து வரிசையின் தலை மறைந்தது. அதனால் எங்களுக்கும் தெரியவில்லை. அவர் வீட்டு மூலையில் கிடந்த கல்லை வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் அதைக் கொல்லையில் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவருடைய பாவு காய்ந்துவிட்டது, எங்களுடையது கெட்டால் நல்ல நெசவாளி ஒருவன் புதுக் கூலிக்குத் திரும்பி வருவான். அவருக்கு லாபம்தான். இதெல்லாம் தெரிந்த மனிதர் மழையில் நனைந்து ஒரு கல்லைச் சுமந்துகொண்டு வந்து, நான் தப்பாக உன் முறையை எடுத்துக்கொண்டேன் என்று நிற்கிறார். இவரோ அவர் இல்லாத இடத்தில் அவருக்காகச் சொல்லிவிட்டு நிற்கிறார். இரண்டு பேரையும் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் கிள்ளிக்கொண்டா இருந்தேன் என்று சிரிப்பும் வந்தது.

"வெயிலத் திருப்பித் தர முடியாது" என்றார் முதலாளி. "புதுக் கொட்டாய் ஒண்ணு போட்டுகினு கீறேன், நீளமா. இன்னும் தறி எறக்கல. பாவ அங்க கட்டு. ரெண்டு பக்கமும் கரி அடுப்பு வெச்சா காஞ்சிடும். ஜல்தியா எடுத்துகினு வா."

இவர் தயங்கினார். "வாடகை எவ்ளோங்க?"

"இந்தத் தடவ வாடகை இல்ல. நான் தர வேண்டிய காலை இது." படியிறங்கியவர் திரும்பினார். "அடுத்த தடவைக்கு உண்டு. சும்மா தர நான் சத்திரமா கட்டி வெச்சிருக்கேன்?"

அவர் தெருவில் இறங்கி நடக்கிறபோது என் வீட்டுக்காரர் சிரித்ததைப் பார்த்தேன். அந்தக் கடைசி வார்த்தைதான் அவருக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது. கூலிக்காரனிடம் யாரும் வாடகை பேச மாட்டார்கள், வியாபாரியிடம்தான் பேசுவார்கள்.

கொட்டாயில் பாவு நீட்டினோம். தெருவே மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து இழை முடிந்தது. கோடி வீட்டு அம்மா கரி அடுப்புக்கு விசிறினார். மூன்று சேலையும் சேத்துப்பட்டுக்கு நாளோடு போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு மழைக்காலமானால் முதலாளி அந்தக் கொட்டாயைப் பாவு நீட்ட வாடகைக்கு விட்டார், நல்ல வருமானம். கூடுதலாகத் தருகிறவனுக்கு முதலில் என்று ஆரம்பித்துப் பார்த்தார். கொட்டாய் உங்களுது, வாடகை நீங்க வாங்குங்க, ஆனா வரிசை எங்க கல்லு வரிசைதான் என்று தெரு கூடிச் சொல்லிவிட்டது. முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

மழை விட்டதும் கல்லைப் பறிகொடுத்தவர்களெல்லாம் புதுக் கல் தேடினோம். அந்த வரிசையில் நின்ற கல்லில் மிஞ்சியது முதலாளியினுடையது மட்டும்தான். குழாய் மேடையில் குடம் வைக்கிறபோதெல்லாம் எங்கள் ஆட்டுக்கல் துண்டு இதற்குள்தான் எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அங்கே குடத்துக்குச் சண்டை வந்தாலும் இப்போது ஒரே கேள்விதான், உனக்கு முன்னாடி யாரு.

இதனால் முதலாளியும் நாங்களும் கூடிக் குலாவினோம் என்று நினைத்துவிட வேண்டாம். சேத்துப்பட்டு வீட்டில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. அந்த ஆர்டர் எங்களுக்குத்தான் என்று நான் மயிலாக ஆடிக்கொண்டிருந்தேன். முதலாளி நேரில் போய், எங்கள் விலையைவிடக் குறைத்துச் சொல்லி, புது மாதிரி முந்தானை காட்டி, ஆர்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வாசலில் நின்று நான் தெரு அதிரக் கேட்டேன், இதெல்லாம் நியாயமா என்று. அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "அதுல எது அநியாயம்? நீ என்னவிட நல்ல மாதிரி காட்டு, நீ கொறைச்சிக் குடு. யாரு வாணாம்னாங்க?" என்றார். முந்தானையை உதறிக்கொண்டு திரும்பி வந்தேன். அன்று முழுக்க எரிந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை எங்கள் பாவு. வந்தவாசி ஆர்டர் ஒன்று, மாம்பழ நிறம். தெருவில் நீட்டிக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், எனக்கு நேர் எதிரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலாளி குனிந்து நின்று எங்கள் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முடிந்துகொண்டிருந்தார். நேற்று எங்கள் ஆர்டரைப் பறித்த அதே விரல்கள். பக்கத்தில் போய் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை.

அவர் தலையைத் தூக்காமலே, "ஏம்மா, இந்த வீட்ல காப்பி கெடையாதா?" என்றார்.

உள்ளே போய்ப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தேன்.